கொசுறுக் குருவி

நம் ஆண்டவர் இயேசு கடைத்தெரு விலை அறிந்தவர். இதை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் சிட்டுக்குருவிகளின் விலையைச் சொல்லும்போது ஒரு காசுக்கு இரண்டு என்கிறார். லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில் கணக்கு சற்றே மாறி, இரண்டு காசுக்கு ஐந்து என்று வருகிறது. ஒரு காசுக்கு இரண்டென்றால் இரண்டு காசுக்கு நான்குதானே வர வேண்டும்? ஐந்தாவது குருவி எப்படி வந்தது? நம் ஊர்ச் சந்தைக்குப் போய்ப் பழகிய எந்தப் பெண்மணியைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்: அது கொசுறு. கீரை வாங்கினால் இரண்டு பச்சை மிளகாயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கூடையில் விழுவதுபோல, நான்கு வாங்கியவருக்கு ஐந்தாவது சும்மா கிடைத்தது.

அந்தக் காசு என்பது ஒரு தெனாரியத்தின் பதினாறில் ஒரு பங்கு. தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆட்டிறைச்சி வாங்க வழியில்லாதவர் தேடிப் போன பொருள் சிட்டுக்குருவி. கி.பி. 301-இல் பேரரசர் தியோக்கிளேசியன் விலைவாசியைக் கட்டுப்படுத்த வெளியிட்ட நீண்ட ஆணையில் வாத்துக்கும் விலை உண்டு, சிட்டுக்குருவிக்கும் விலை உண்டு. ஆனால் குருவிக்குப் பத்துப் பத்தாகத்தான் விலை. தனியாக நிற்கும் ஒரு குருவிக்கு விலை சொல்ல அரசாங்கத்துக்கே தோன்றவில்லை. இப்படிப் பட்டியலுக்கு அகப்படாமல், எண்ணிக்கைக்கும் வராமல், இலவசமாகக் கைமாறிய அந்த ஐந்தாவது குருவியும் இறைவனின் நினைவில் இருக்கிறது என்பதையே லூக்கா நமக்குச் சொல்கிறார்.

இந்த விளக்கத்தை எத்தனையோ ஆண்டுகளாக மறையுரைகளில் சொல்லி வந்திருக்கிறேன். கேட்பவர்களும் மகிழ்ந்து தலையாட்டுவார்கள். காரைக்கால் பகுதியில் என் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே காத்திருந்து ஒரு கேள்வி கேட்கும்வரை, அந்தக் குருவிக்கும் எனக்கும் வேறு தொடர்பு இருந்ததில்லை.

அவர் அழகு வாத்து வளர்ப்பவர். வீட்டை ஒட்டிய குளக்கரையில் கம்பிவலை கட்டி, வாத்துகளை இனம் பெருக்கிக் குஞ்சு பொரிக்க வைத்து, சோடி சோடியாக விற்கிறார். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காததால் இதில் இறங்கியதாகச் சொல்வார். எனக்கென்னவோ, வேலை கிடைத்திருந்தாலும் அவர் வாத்துதான் வளர்த்திருப்பார் என்று தோன்றுகிறது. ஒருமுறை போய்ப் பார்த்தேன். சிவந்த முகத்தோடு கனத்து நடக்கும் மஸ்கோவி வாத்துகள். தென் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய இனம், கேரளத்தார் மணிலாத் தாராவு என்பார்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல் உயிர்பெற்றதுபோன்ற மாண்டரின் வாத்து ஒரு சோடி. இவற்றோடு, தலையுச்சியில் வெண்பஞ்சுப் பந்தை வைத்தாற்போன்ற கொண்டை வாத்துகள். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை இந்தக் கொண்டை வாத்துகளே. புதுமனை புகுந்தவர்களும், பிரான்சிலிருந்து வரும் ஓய்வூதியத்தில் வீட்டின் முன்புறம் சிறு குளம் வெட்டியவர்களும் தேடி வந்து வாங்குகிறார்கள்.

காவிரியின் கடைமடையில் வாத்து புதிய பறவை அன்று. குறுவை அறுத்ததும், பிறகு தை மாசியில் சம்பா அறுத்ததும், வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு வந்து வயல்களில் இறக்குவார்கள். உதிர்ந்த நெல்லும் நத்தையும் புழுவும் வாத்துக்கு. வாத்தின் எச்சம் வயலுக்கு. இரவில் வலைத் தட்டிக்குள் அடைத்து வைத்து விடிவதற்கு முன் முட்டை பொறுக்குவார்கள். அந்த வாத்துக்கு விலை, முட்டையின் விலையும் இறைச்சியின் விலையுமே. கோடியக்கரைச் சதுப்பில் வந்திறங்கும் ஊசிவால் வாத்துக்கும் நீலச்சிறகிக்கும் விலையே கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்கிறது. அழகு வாத்து இந்த இரண்டிலும் சேராது. அதைத் தின்பதற்காக யாரும் வாங்குவதில்லை, முட்டைக்காகவும் வாங்குவதில்லை. கண்ணுக்காக வாங்குகிறார்கள். கண்ணுக்கு விலை நிர்ணயம் செய்வது எப்படி என்பது வேறொரு தொல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

குஞ்சு பொரிக்கும் விதத்தை அவருடைய தாயார் எனக்கு விளக்கினார். முட்டைக்கென்றே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வாத்து இனங்கள் அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. ஆண்டுக்கு முந்நூறு முட்டைவரை இடக்கூடிய காக்கி கேம்பல் வாத்து தன் முட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நமக்கு முட்டை வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக வாத்திடமிருந்து தாய்மையை எடுத்துக்கொண்டோம். ஆகவே வாத்து முட்டையை நாட்டுக்கோழியின் கீழ் அடை வைக்கிறார்கள். மஸ்கோவி மட்டும் இன்னும் தானே உட்காரும். அதற்கு 35 நாள். சாம்பல் புதனன்று உட்கார்ந்தால் குருத்து ஞாயிறுக்கு முந்திய புதனன்று குஞ்சோடு எழும்பும். மற்ற வாத்துகளின் முட்டைக்கு 28 நாள். கோழி முட்டைக்கோ 21 நாள்தான்.

"இருபத்தோரு நாளிலே எழுந்திருக்க வேண்டிய கோழி சாமி, இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கு. இது தன் முட்டை இல்லைன்னு அதுக்கு என்ன தெரியும்?" என்றார் அந்த அம்மையார்.

பொரித்த பிறகும் அதன் பாடு ஓய்வதில்லை. குஞ்சுகள் தண்ணீரைக் கண்டதும் இறங்கிவிடும். கோழி கரையில் இங்குமங்கும் ஓடிக் கத்தும். எருசலேமைப் பார்த்து அழுத ஆண்டவர் தமக்கு உவமையாகக் கழுகைத் தேர்ந்தெடுக்கவில்லை, சிறகுக்குள் குஞ்சுகளை அழைக்கும் கோழியைத் தேர்ந்தெடுத்தார். அழைத்தும் வராத பிள்ளைகளைப் பற்றி அவர் பேசிய அந்த வாக்கியத்தை, வாத்துக்குஞ்சு வளர்க்கும் கோழியைப் பார்த்த பிறகு படித்தால் வேறு விதமாகக் கேட்கிறது.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். கொண்டை வாத்தைக் கொண்டை வாத்தோடு சேர்த்தால் முட்டைகளில் ஒரு பகுதி பொரிப்பதே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது முதல் வாரத்தில் சிவந்த நரம்பு ஓடியிருக்கும்; உயிர் பிடித்தாயிற்று என்று மகிழ்ந்து அடையில் வைத்திருப்பார்கள். பிறகு அது அசைவற்றுப் போகும். அப்படிப் போன முட்டைகளை அவர் உடைத்துப் பார்த்திருக்கிறார். சிலவற்றுள், மண்டையோடு மூடாமல் மூளை வெளியே துருத்திய குஞ்சு இருந்தது.

காரணம் மரபியலில் உள்ளது. கொண்டையைத் தருவது ஒரே ஒரு மரபணு. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் குஞ்சுக்குக் கொண்டை முளைக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மடியும். ஆகவே உலகில் உயிரோடு நடமாடும் கொண்டை வாத்து ஒவ்வொன்றும் அந்த மரபணுவை ஒற்றையாகச் சுமப்பதே. இந்தக் கொண்டையை நாம் நினைப்பதுபோல வெறும் இறகுக் கொத்து என்று கொள்ளக் கூடாது. 17-ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்து ஓவியங்களிலேயே இவ்வாத்து அழகாக நிற்கிறது. சார்லஸ் டார்வின் ஒல்லாந்திலிருந்து ஒரு கொண்டை வாத்தை வரவழைத்தார். வளர்ப்பு உயிர்களைப் பற்றி 1868-இல் வெளியிட்ட நூலில், அந்த இறகுக் கொத்து ஒரு சதைத் திரட்சியின் மேல் நிற்பதையும் அதன் கீழே மண்டையோடு துளைபட்டிருப்பதையும் குறித்திருக்கிறார். மண்டையோடு மூடத் தவறிய இடத்தில் கொழுப்பு திரண்டு, அதன்மேல் இறகு முளைத்திருக்கிறது. நாம் அழகு என்று காசு கொடுத்து வாங்குவது ஆறாத ஒரு குறையின் மேல் வளர்ந்த பூ. சில வாத்துகள் ஆயுள் முழுவதும் நலமாகவே இருக்கும். சில தலை நடுங்கும். சில மல்லாந்து விழுந்து தாமாக எழ முடியாமல் கிடக்கும்.

"இப்படிச் சாகும் என்று தெரிந்தே சோடி சேர்க்கிறேனே, இது பாவமா சாமி?" என்பதுதான் அவர் கேட்டது.

என் முதல் பதிலை எழுத வெட்கமாக இருக்கிறது. "முட்டைதானே தம்பி? தினமும் உடைத்துப் பொரித்துத் தின்கிறோமே!" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். குருமடத்தில் அறநெறி இயல் படித்தவனின் பதில் அது. அவர் சிரிக்கவில்லை. "தின்றால் ஒரு வயிற்றுக்காவது ஆகும். இது யாருக்கும் ஆகாமல் போகிறது" என்று சொல்லிவிட்டு மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் அந்தச் சொல் என்னைத் தொந்தரவு செய்தது. இங்கே ஒரு தெளிவு வேண்டும். வாத்தின் கருவையும் மனிதக் கருவையும் ஒரே தராசில் வைக்கிறவன் அல்லன் நான், திருச்சபையும் வைப்பதில்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் உயிரினங்களை உணவுக்கும் உடைக்கும் பயன்படுத்துவதை ஏற்கிறது. வேலைக்கும் ஓய்வுநேர மகிழ்ச்சிக்கும் பழக்கி வளர்ப்பதையும் ஏற்கிறது. ஆக, அழகுக்காக வாத்து வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் அதன் 2418-ஆம் எண்ணில், உயிரினங்களைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் தேவையின்றிச் சாகவிடுவதும் மனித மாண்புக்கு முரண் என்ற கருத்து சொல்லப்படுகிறது. முழு எடையும் அந்தத் 'தேவையின்றி' என்ற சொல்லின்மேல் நிற்கிறது. அழகு ஒரு தேவையா? பீடத்தில் மலர் வைக்கிறவர்கள் நாம். அழகு தேவையே இல்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை. எனில், அந்த அழகுக்காகச் சில குஞ்சுகள் ஓட்டுக்குள் மடிவதும் தேவையின் பாற்பட்டதுதானோ? இவ்விடத்தில் என் சிந்தனை நின்றுவிட்டது.

முடிச்சை அவிழ்த்தவர் அவரே. அடுத்த ஞாயிறு ஒரு குறிப்பேட்டோடு வந்தார். ஒவ்வொரு முட்டையின்மேலும் பென்சிலால் தேதி எழுதி, எது எந்தச் சோடியுடையது, எது பொரித்தது, எது பொரிக்கவில்லை என்று பதிந்து வைத்திருந்தார். மரபியல் சொல்லும் கணக்கையும் ஒரு பக்கத்தில் போட்டிருந்தார். கொண்டையோடு கொண்டையைச் சேர்த்து நூறு முட்டை அடை வைத்தால், சராசரியாக 25 மடியும். 50 கொண்டையோடு பிறக்கும். 25 கொண்டையில்லாமல் பிறக்கும். கொண்டை வாத்தை மொட்டைத் தலை வாத்தோடு சேர்த்து நூறு முட்டை வைத்தால், இந்தக் காரணத்தால் எதுவும் மடியாது. 50 கொண்டையோடு பிறக்கும். 50 கொண்டையில்லாமல் பிறக்கும்.

"இரண்டிலேயும் கொண்டை ஐம்பதுதான் சாமி" என்றார்.

நான் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டைக்குக் கொண்டையைச் சேர்த்தால் கொண்டை அதிகம் கிடைக்கும் என்றுதான் எவரும் நினைப்பார். கிடைப்பதில்லை. பிறந்த குஞ்சுகளில் மூன்றில் இரண்டு கொண்டையோடு நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. நான்காவது உள்ளே செத்துக்கிடப்பது எண்ணிக்கையில் வராததால்தான் அந்தத் தோற்றம். ஓர் அழகு வாத்துகூட இதனால் கூடுவதில்லை. வேறுபாடு ஒன்றே ஒன்று: ஒரு முறையில் 25 குஞ்சுகள் சாகின்றன, மறு முறையில் அந்த 25-க்குப் பதிலாக, யாரும் விலை கொடுத்து வாங்காத 25 மொட்டை வாத்துகள் உயிரோடு வந்து தீனி கேட்கின்றன. மறைக்கல்வி நூலின் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பொருள் தேடி நான் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு வாத்துக்காரர் அதைக் கோடு போட்ட காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் கணக்கு தெரிந்த பிறகும் தயக்கம் போகவில்லை, அவருக்கும் போகவில்லை. மொட்டை வாத்தை வளர்க்கத் தவிடும் நொய்யும் வேண்டும். அது பெரிதான பிறகு இறைச்சி விலைக்குத்தான் போகும். ஓட்டுக்குள் மடியும் குஞ்சோ தீனி கேட்பதில்லை. தொழில் செய்கிறவருக்கு எது இலாபம் என்பதில் ஐயமில்லை. "அப்படியென்றால், உயிரோடு வருவதைவிட வராமல் போவது எனக்கு மலிவு, அதனால்தான் எல்லோரும் இப்படிச் செய்கிறார்களோ?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அவருடைய தாயார் இதைக் கேட்டுக்கொண்டு நின்றவர், மகனிடம் பேசாமல் என்னிடம், "கோழி கூடுதலா உட்கார்ந்த ஒரு வாரமும் வீண்தானே சாமி?" என்று மட்டும் சொன்னார். இறையியல் நூல் எதிலும் அந்தக் கோழியின் ஒரு வாரத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

அதற்கு மிக அருகில் வருவது இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்திலுள்ள ஒரு சிறிய கட்டளை. வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால், முட்டையின்மேலோ குஞ்சின்மேலோ தாய் உட்கார்ந்திருந்தால், குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாயை விட்டுவிட வேண்டும். கடைப்பிடிப்பவருக்கு நலமும் நீடிய ஆயுளும் வாக்களிக்கப்படுகின்றன. தாய் தந்தையரை மதிப்பவருக்குச் சொல்லப்பட்ட அதே வாக்குறுதி, ஒரு பறவைக் கூட்டின்முன் நிற்பவனுக்கும் சொல்லப்படுகிறது. புனித அக்குவினா தோமையாரும் இக்கட்டளையை எடுத்துப் பேசுகிறார்: உயிரினங்களிடம் இரங்கப் பழகியவன் மனிதரிடமும் இரங்குவான் என்பது அவர் கருத்து. அது போதாது என்று இன்று பலர் சொல்வார்கள். பிரான்சிஸ் திருத்தந்தை 2015-இல் எழுதிய 'லௌதாத்தோ சீ' சுற்றுமடல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வோர் உயிரும் நமக்குப் பயன்படுகிறதோ இல்லையோ இறைவன்முன் தனக்கென மதிப்புடையது என்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே நான் வழக்காட விரும்பவில்லை. இரண்டுமே மொட்டை வாத்தின் பக்கம்தான் நிற்கின்றன.

விலையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். புனித அகுஸ்தினார் 'கடவுளின் நகர்' என்ற நூலின் பதினொன்றாம் பகுதியில் மனிதனின் விசித்திரமான தராசு ஒன்றைக் காட்டுகிறார். இயல்பின் வரிசையில் உயிருள்ளது உயிரற்றதைவிட மேலானது. ஆனாலும் வீட்டில் எலி இருப்பதைவிட அப்பம் இருப்பதைத்தானே எவரும் விரும்புவார்? அவர் காலத்துச் சந்தையில் அடிமை மனிதனைவிடக் குதிரையும், பணிப்பெண்ணைவிட நகையும் கூடுதல் விலைக்குப் போயின. கடவுள் வைத்த வரிசை ஒன்று, நம் ஆசை வைத்த வரிசை மற்றொன்று. எங்கள் ஊரிலும் அந்தத் தராசு தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கொண்டை வாத்து ஒரு சோடிக்கு அவர் சொல்லும் விலை, அதே தெருவில் நடவுக்குப் போகும் பெண்ணின் பல நாள் கூலி. மனிதரின் இல்லாமையைப் போக்குவதற்கு முதலில் போக வேண்டிய பணத்தை உயிரினங்களுக்குச் செலவழிப்பது தகாது என்று மறைக்கல்வி நூல் அதே 2418-ஆம் எண்ணில் சொல்கிறது. வாங்குகிறவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. அவர்களில் சிலர் கோயில் திருவிழாவுக்குத் தாராளமாகத் தருகிறவர்கள்.

ஆனால் விற்கிறவருக்குத் தோமையார் நேரடியாகவே சில சொற்களை வைத்திருக்கிறார். தம் இறையியல் தொகுப்பில் வாங்கல் விற்றலைப் பற்றி எழுதும்போது அகுஸ்தினாரின் அந்தக் குதிரையை அவர் மீண்டும் அழைத்து வருகிறார்: பொருளின் விலை அதன் இயல்பின் தகுதியை ஒட்டியதன்று, மனிதனுக்கு அது பயன்படும் விதத்தை ஒட்டியது. ஆகவே விலை கூடுதலாக இருப்பது மட்டுமே அநீதி ஆகாது. தனக்கு ஏற்படும் இழப்புக்கு ஈடாக விற்பவர் கூட்டிக் கேட்கலாம். ஆனால் வாங்குபவருக்கு அந்தப் பொருள் மிகவும் வேண்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் விலையை ஏற்றக் கூடாது. ஏனெனில் அந்த வேட்கை விற்பவருடைய சொத்து அன்று. தன்னிடம் இல்லாததை ஒருவர் எப்படி விற்பது?

கடைத்தெருவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சீனத்தில் மாண்டரின் வாத்துச் சோடி இல்லற அன்பின் அடையாளம். அன்றிலைச் சொல்லி வளர்ந்த நமக்கு அது உடனே புரிகிறது. புதுமணத் தம்பதியருக்குப் பரிசளிக்க ஒருவர் அந்தச் சோடியைத் தேடி வரும்போது, அவர் கண்ணில் தெரியும் ஆசையைப் பார்த்து விலையை ஏற்றாத வியாபாரி எத்தனை பேர்? (முட்டைகளின்மேல் பெட்டை உட்கார்ந்த சிறிது காலத்தில் ஆண் பறவை கிளம்பிப் போய்விடும் என்பதைப் பரிசு வாங்குகிறவரிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லாதிருப்பதே நல்லது.)

சொல்லியே தீரவேண்டியவையும் உண்டு. பொருளில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்து, அதனால் வாங்குபவருக்குக் கேடு வருமெனில் விற்பவர் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர் என்கிறார் தோமையார். வாத்து வியாபாரத்தில் இதற்கு இடம் மிகுதி. இனச்சேர்க்கைக் காலம் முடிந்ததும் மாண்டரின் ஆண் தன் வண்ண இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப்போல மங்கி நிற்கும். அப்போது இரண்டு பெட்டைகளைச் சோடி என்று சொல்லிவிடலாம். எங்கள் வாத்துக்காரர் அதைச் செய்பவர் அல்லர். ஆனால் கொண்டை வாத்தைச் சோடியாக விற்றபோதெல்லாம், அந்தச் சோடியிடமிருந்து வரும் முட்டைகளில் நான்கில் ஒன்று செத்துப் போகும் என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவருக்கே தெரியாதவரை அது குற்றமன்று. தெரிந்த பிறகு?

இதற்குமேல் ஒரு கேள்வி இருக்கிறது. அதை அவர் கேட்கவில்லை, நானும் எழுப்பவில்லை. கொண்டையே ஒரு குறை என்றால், அதை எந்த முறையிலாவது பெருக்குவது சரிதானா? மொட்டை வாத்தோடு சேர்த்துப் பிறந்த கொண்டைக் குஞ்சும் மண்டையில் அதே துளையைச் சுமந்துகொண்டுதானே வருகிறது? நேர்மையாகப் பார்த்தால் அந்த இனத்தை மெல்ல மெல்லப் பெருக்காமல் விட்டுவிடுவதே முறை என்று என் மனம் சொல்கிறது. ஆனால் அவருடைய வீட்டு அடுப்பு அந்தக் கொண்டையில் எரிகிறது. பங்குத் தந்தை என்ற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பிறருடைய அடுப்பை அணைக்கச் சொல்வது எளிது. முதலில் 25 சாவுகள் நிற்கட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது விவேகமா, கோழைத்தனமா என்பதை என் ஆன்ம ஆலோசகரிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் காரைக்காலில் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கும். காரைக்கால் அம்மையாரின் நினைவாக ஊர்வலத்தின்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே நிற்கும் கூட்டம் ஏந்திப் பிடிக்கும். காலையில் கடையில் எடை போட்டு, பேரம் பேசி வாங்கிய அதே பழம், கையை விட்டு மேலெழும்பிய கணத்தில் விலையற்றதாகிவிடுகிறது. பிடித்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். கொசுறும் விலையற்றதுதான், ஆனால் கொசுறாகக் கிடைத்த கறிவேப்பிலையை யாரும் அப்படிப் பத்திரப்படுத்துவதில்லை.

சென்ற மாதம் மீண்டும் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கொண்டை ஆண்களையும் கொண்டைப் பெட்டைகளையும் வெவ்வேறு வலைக்குள் பிரித்து, ஒவ்வொன்றோடும் மொட்டை வாத்துகளைச் சேர்த்திருந்தார். குளத்தில் மொட்டைத் தலைகள் முன்னைவிட அதிகமாகத் தெரிந்தன. நான் இருக்கும்போதே மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். கொண்டைச் சோடி வேண்டும் என்றார். இளைஞர் ஒரு கொண்டை ஆணையும் ஒரு மொட்டைப் பெட்டையையும் கூடையில் எடுத்துவைத்து, காரணத்தையும் குறிப்பேட்டைத் திறந்து விளக்கினார். வந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, அப்படியே கொடுங்கள். கொண்டைக்கு விலை சொல்லுங்கள். மொட்டையைக் கொசுறாகப் போட்டுவிடுங்கள்" என்றார்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கொசுறு இல்லைங்க. அதுக்கும் விலை இருக்கு" என்றார் அவர். எவ்வளவு என்று வந்தவர் கேட்டார். அவர் சற்று நேரம் யோசித்து ஒரு தொகையைச் சொன்னார். அதிகமா குறைவா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தவருக்கு அது அதிகமாகப் பட்டது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தாயார் கூடையின் மூடியைத் திறந்துவிட்டார். மொட்டைப் பெட்டை முதலில் இறங்கி, இறகை உதறிக்கொண்டு தண்ணீருக்குப் போயிற்று.